ஒன்றாம் எண் நோயாளி குணமான விதம்

“உங்க தம்பி வியாழக்கிழமை வரைக்கும் தாங்குவாரா?”

தெமெலினாவிடம் இப்படிக் கேட்டவர் தீவு மருத்துவமனையின் இயக்குநர் டாக்டர் தலகூரஸ். கேட்ட நாள் செவ்வாய்க்கிழமை, நேரம் பகல் ஒரு மணி. கேட்ட குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று விசாரிக்கிறவரின் கனிவு அதில் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் கிடந்த அவள் தம்பி சகெல்லாரிஸ், தன் கால் கட்டைவிரலை அசைக்க முயன்றுகொண்டிருந்தான். அது அவனுடைய விரல்தான் என்பதற்கு, அவன் காலோடு ஒட்டியிருந்தது என்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

சகெல்லாரிஸ் கடற்பஞ்சு எடுக்க முங்குகிறவன். அன்று காலை நாற்பது மீட்டர் ஆழத்தில் அவன் பஞ்சை அறுத்துக்கொண்டிருந்தபோது, படகில் இருந்த காற்று இயந்திரம் நின்றுவிட்டது. மேலே வருகிறவன் ஆங்காங்கே நின்று நிதானித்து வர வேண்டும். குழாயில் காற்று இல்லாதவன் நிதானிக்க மாட்டான். அவன் நேரே மேலே வந்தான். படகில் ஏறினான், ஒரு சிகரெட் பற்ற வைத்தான், “அந்த இயந்திரத்தையும் அதை வித்தவனையும் சேர்த்துக் கட்டிக் கடல்ல போடணும்” என்று சொல்லிச் சிரித்தான். சிகரெட் முடிவதற்குள் அவனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

‘கடல் பிடித்துவிட்டது’ என்று தீவில் சொல்வார்கள். குடும்பத்துக்கு ஒருவரையாவது அங்கே கடல் பிடித்து வைத்திருந்தது. தெமெலினாவின் அப்பா தன் கடைசிப் பதினொரு வருடங்களை இரண்டு கைத்தடிகளோடு கழித்தார். அதனால் அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கால்கள் இன்று மீண்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு மருத்துவமனைக்கு அழுத்த அறை வந்திருந்தது. கப்பலிலிருந்து அது இறங்குவதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். வெள்ளை வெளேரென்று, படுக்க வைத்த பீப்பாய் மாதிரி, வட்டக் கண்ணாடி ஜன்னல்களோடு இருந்தது அது. உள்ளே எட்டு பேர் உட்காரலாம்.

“இன்னிக்கே உள்ள வச்சா என்ன டாக்டர்?” என்று கேட்டாள் தெமெலினா.

டாக்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “அம்மா, அது இன்னும் திறக்கப்படலையே. துணை அமைச்சர் வியாழக்கிழமை வர்றார். திறப்பு விழா ஆகாத வரைக்கும் சட்டப்படி அது அறையே இல்ல, கிடங்குல கிடக்கற சாமான். சாமானுக்குள்ள நோயாளியைப் போட்டுப் பூட்டினேன்னு என் பேர்ல எழுதிடுவாங்க. உங்க தம்பிக்காக நான் எவ்வளவோ செய்வேன். ஆனா அவரை ஒரு சாமானுக்குள்ள போட என் மனசு இடம் கொடுக்காது.”

“அப்போ ஹெலிகாப்டர்ல வேற ஊருக்கு அனுப்புங்க.”

“அனுப்பலாமே! அதுக்கு நான், ‘இந்தத் தீவுல அழுத்த அறை இல்லை’ன்னு எழுதிக் கொடுக்கணும். அறையோட படம் பத்திரிகையில மூணு தடவை வந்தாச்சு. இல்லைன்னு எழுதினா, வியாழக்கிழமை அமைச்சர் எதைத் திறக்கறார்னு கேக்க மாட்டாங்களா?”

“அப்போ இருக்குன்னுதானே அர்த்தம்?”

“இருக்கு. ஆனா இன்னும் இல்ல.” டாக்டர் தலகூரஸ் எழுந்து கை குலுக்கினார். தெமெலினாவோடு குலுக்கிவிட்டு, சகெல்லாரிஸின் கையையும் எடுத்துக் குலுக்கினார். போகும்போது ஒரு கையேடு கொடுத்தார். பளபளப்பான தாள். அட்டையில் சிரிக்கிற ஒரு குடும்பம். ‘சிகிச்சையின்போது நோயாளி எதிர்பார்க்க வேண்டியவை’ என்பது தலைப்பு.

அழுத்த அறையை இயக்குகிறவர் நொமிக்கோஸ். கடற்படையில் இருபது வருடம் இதே வேலை பார்த்தவர். பேச்சைச் சிக்கனமாகவும் கெட்ட வார்த்தையைத் தாராளமாகவும் பயன்படுத்துகிறவர். சகெல்லாரிஸின் ஸ்ட்ரெச்சரை வார்டில் இடமில்லை என்று அறைக்கு வெளியே இருந்த தாழ்வாரத்தில்தான் நிறுத்தியிருந்தார்கள். நொமிக்கோஸ் அவன் மூக்கில் ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டிவிட்டு, தெமெலினாவைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“சோடா பாட்டிலைத் திறந்தா என்ன ஆகும்? பொங்கும். மூடியிருக்கற வரைக்கும் ஒரு குமிழியும் கண்ணுக்குத் தெரியாது. ஆழத்துல உன் தம்பி ரத்தத்துல நைட்ரஜன் அப்படித்தான் கரைஞ்சு கிடந்துச்சு. இவன் சட்டுனு மேல வந்தான், மூடி திறந்துடுச்சு. அந்தக் குமிழியெல்லாம் முதுகுத் தண்டுல போய் அடைச்சிருக்கு.”

“இப்ப என்ன பண்ணணும்?”

“மறுபடி மூடியைப் போடணும். இவனை உள்ள வச்சு, பதினெட்டு மீட்டர் ஆழத்துல இருந்தா எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு காத்து ஏத்தணும். குமிழி சுருங்கும். அப்போ சுத்தமான ஆக்ஸிஜன் குடுத்தா நைட்ரஜன் மூச்சு வழியா வெளிய போயிடும். இருபது நிமிஷம் ஆக்ஸிஜன், அஞ்சு நிமிஷம் சாதாக் காத்து, மறுபடி ஆக்ஸிஜன். கொஞ்சம் கொஞ்சமா மேல கொண்டுவரணும். மொத்தம் அஞ்சு மணி நேரம். இப்போ ஆரம்பிச்சா ராத்திரி சாப்பாட்டுக்குக் கால் ஆட்டிக்கிட்டு உக்காருவான்.”

“ஆரம்பிங்களேன்.”

நொமிக்கோஸ் அறையின் கதவைக் காட்டினார். குறுக்கே நீலமும் வெள்ளையுமாக ஒரு ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பனின் இரு முனைகளிலும் மெழுகு முத்திரை. “திங்கக்கிழமையே கட்டிட்டுப் போயிட்டான் அந்த...” என்று தொடங்கி, அவர் டாக்டரின் அம்மாவைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அன்று மாலைக்குள் சகெல்லாரிஸுக்கு மூத்திரமும் தானாக வருவது நின்றுவிட்டது. குழாய் போட்டுப் பையைத் தொங்கவிட்டார்கள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, “அக்கா, அந்தப் புத்தகத்தைப் படி. நான் என்ன எதிர்பார்க்கணும்னு தெரிஞ்சுக்கறேன்” என்றான்.

அவள் படித்தாள். ‘அழுத்தம் ஏறும்போது விமானம் தரையிறங்கும்போது அடைப்பது போலக் காது அடைக்கும். எச்சில் விழுங்கவும், அல்லது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதவும். அறை சற்றுச் சூடாகும். அழுத்தம் குறையும்போது குளிரும், மெல்லிய பனி தோன்றும், பயப்பட வேண்டாம். பருத்தி உடை மட்டும் அணியவும். தீப்பெட்டி, லைட்டர், வாசனைத் திரவியம், தலைக்கு எண்ணெய் கூடாது. ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். சிகிச்சைக்குப் பின் நோயாளி இதமான களைப்பை எதிர்பார்க்கலாம்.’ கடைசிப் பக்கத்தில் டாக்டர் தலகூரஸின் படம் இருந்தது. அவர் எதையும் எதிர்பார்க்காதவராகத் தெரிந்தார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தாழ்வாரத்தில் வாசனை வீசியது. நகரத் தலைவரின் மனைவி, நகரத் தலைவரின் மாமியார், டாக்டரின் மனைவி, அவர் தோழிகள் நான்கு பேர் என ஏழு பெண்கள் வெள்ளைப் பருத்தி அங்கியில் வந்தார்கள். கையில் பின்னல் வேலை. ஒவ்வொருவராகக் குனிந்து ரிப்பனுக்கு அடியில் நுழைந்து அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

தெமெலினா எழுந்து நின்றுவிட்டாள். “டாக்டர், இவங்க எப்படிப் போறாங்க?”

“இது சோதனை ஓட்டம் அம்மா. திறப்பு விழாவுக்கு முன்னாடி கருவி சரியா இருக்கான்னு ஆரோக்கியமானவங்களை வச்சுப் பார்க்கணும். விதி அப்படி. என் சொந்த மனைவியையே அனுப்பறேன். எனக்கு அதுல எவ்வளவு பயம் இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.”

உள்ளேயிருந்து டாக்டரின் மனைவி, “தோல் இறுகுமாமே, எத்தனை தடவை வந்தா கழுத்துக்கும் சரியாகும்?” என்று கேட்டது வெளியே எல்லோர் காதிலும் விழுந்தது.

“ஒரு இடம் காலியா இருக்கு” என்றாள் தெமெலினா. “எட்டு பேர் உக்காரலாம். ஏழு பேர்தான் இருக்காங்க. இவனையும் சேர்த்து விடுங்க. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“சேர்க்கலாமே!” டாக்டர் உடனே சொன்னார். அவர் ஒருபோதும் முடியாது என்று சொன்னதில்லை என்பதைத் தெமெலினா அப்போதுதான் கவனித்தாள். “ஆரோக்கியமானவர்னு சான்றிதழ் வேணும். நானே எழுதித் தர்றேன். அவர் எழுந்து நடந்து உள்ள போகட்டும்.”

“நடக்க முடிஞ்சா நாங்க ஏன் டாக்டர் இங்க வர்றோம்?”

“அதையேதான் நானும் சொல்றேன்.”

சகெல்லாரிஸ் தலையைத் தூக்கினான். “டாக்டர், என்னைத் தரையில போடுங்க. கையால ஊன்றி ரிப்பனுக்குக் கீழயே ஊர்ந்து போயிடறேன். அதுல என் நிழல்கூடப் படாது.”

டாக்டர் உண்மையாகவே யோசித்தார். சுவரில் ஒட்டியிருந்த விதிகளை ஒருமுறை விரலால் தொட்டு வந்தார். “ஊர்ந்து போறவர் நோயாளி” என்றார் வருத்தத்தோடு. “குனிஞ்சு போறவர்தான் ஆரோக்கியமானவர்.”

நொமிக்கோஸ் கதவை இழுத்துச் சாத்தினார். தொண்ணூறு நிமிடம் ஏழு பேரும் ஆக்ஸிஜன் குடித்தார்கள். எட்டாவது முகமூடி காலி நாற்காலிக்கு மேலே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. வட்டக் கண்ணாடி வழியாகத் தெமெலினா அதைப் பார்த்தபடி நின்றாள். வெளியே வந்தபோது பெண்களின் கன்னங்கள் சிவந்திருந்தன. நகரத் தலைவரின் மாமியார் ஸ்ட்ரெச்சர் அருகே நின்று, சகெல்லாரிஸின் தலையை அன்போடு தடவினாள். “பயப்படாதே மகனே. காது கொஞ்சம் அடைக்குது, அவ்வளவுதான். நான் தூங்கியே போயிட்டேன்.”

வியாழக்கிழமை விடிந்தது. மருத்துவமனை வாசலில் கொடிகள், நாற்காலிகள், பேண்டு வாத்தியம். சகெல்லாரிஸுக்குச் சவரம் செய்துவிட ஆள் வந்தது. அமைச்சர் முதல் நோயாளியைப் பார்க்க விரும்புகிறாராம். இரண்டு நாள் தாழ்வாரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தவனுக்கு ஒரு மணி நேரத்தில் புதுத் தலையணை, பெயர் தைத்த பருத்தி அங்கி, பதிவேட்டில் ஒன்றாம் எண் எல்லாம் கிடைத்தன.

“இன்னிக்கு வச்சாலும் பலன் இருக்குமா?” தெமெலினா நொமிக்கோஸிடம் மெதுவாகக் கேட்டாள்.

“முழுசா வராது. ஆனா கொஞ்சம் வரலாம். முந்தாநாள் வச்சிருக்கணும்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அஞ்சு மணி நேரம் விடாம வச்சா தடியூன்றியாவது நடப்பான். அதை நான் பார்த்துக்கறேன்.”

டாக்டர் தலகூரஸ் முதலில் பேசினார். “நூற்றைம்பது வருடங்களாக இந்தத் தீவு முடவர்களைத் தந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்கென்று ஒரு கட்டடம் இருந்ததில்லை. அந்தக் குறை இன்று நீங்கியது. இந்த அறையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் நாங்கள் இரண்டு வருடம் உழைத்தோம். அறை வந்து இறங்கிய நாளிலிருந்து இதுவரை ஒரு நோயாளிக்குக்கூட இதனால் சிறு பாதிப்பும் ஏற்பட்டதில்லை. இந்தச் சாதனையை நாங்கள் இறுதிவரை காப்போம்!” கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

துணை அமைச்சர் சுருக்கமாகப் பேசினார். “எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே பயம். ஆகவே கடலில் இறங்குகிறவர்களை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் அரசாங்கத்தில் இல்லை. உங்கள் துன்பத்தை நான் தொலைவிலிருந்து எப்போதும் உணர்ந்தே இருக்கிறேன். படகு இரண்டரை மணிக்கு என்பதால் அதையும் உணர்கிறேன்.”

பிறகு நடனம். தீவின் பழைய வழக்கம் அது. வரிசையாகக் கைகோத்து ஆடுகிறவர்களில் முதல் ஆள், கடல் பிடித்தவனாக நடிப்பான். கைத்தடியை ஊன்றுவான், கால் நடுங்கும், முழங்கால் மடங்கும், விழப்போவான், எழுவான். மிக்கேஸ் என்ற இளைஞன் அதில் பெயர் எடுத்தவன். சகெல்லாரிஸின் சிறுவயதுக் கூட்டாளி. அவன் அன்று ஆடியது போல் எப்போதும் ஆடியதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் கால் நடுங்க நடுங்க அமைச்சரின் கண் கலங்கியது. “என்ன தத்ரூபம்!” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். அவருடைய நாற்காலிக்கு நான்கடி பின்னால்தான் சகெல்லாரிஸின் ஸ்ட்ரெச்சர் இருந்தது. அதன் மேல் இரண்டு பேர் தங்கள் கோட்டுகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

ரிப்பன் வெட்டப்பட்டது. நொமிக்கோஸ் கதவைத் திறந்து, ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளக் கை வைத்தார். தெமெலினா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

அப்போது விழாவுக்கு வந்திருந்த தீவின் ஆயர் கை உயர்த்தினார். “பொறுங்கள். பிள்ளையை ஆசீர்வதிக்காமல் அனுப்புவதா?”

யாரும் தடுப்பதற்குள் அவர் வெள்ளிக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, புனித எண்ணெயைச் சகெல்லாரிஸின் நெற்றியில், கன்னத்தில், உள்ளங்கையில், அமைச்சர் பார்க்கிறார் என்பதால் தாராளமாக இரண்டு முழங்கால்களிலும் பூசினார். நல்ல ஆலிவ் எண்ணெய். அங்கியெல்லாம் ஊறிவிட்டது.

“ஐயோ, எண்ணெயா!” நொமிக்கோஸ் கத்தினார். “ஆண்டகை, இவனை இப்படியே உள்ள விட்டா பந்தம் மாதிரி எரிவான்! கழுவணும், சோப்புப் போட்டுக் கழுவணும், தண்ணி கொண்டு வாங்க!”

“கழுவுவதா?” ஆயரின் தாடி நடுங்கியது. “பூசிய எண்ணெயை மூன்று நாள் கழுவக் கூடாது. அதைச் சாக்கடையில் விடுவேன் என்கிறாயா, தேவ நிந்தனைக்காரா?”

“மூணு நாள் கழிச்சுக் கழுவி இவனுக்கு என்ன ஆகப்போகுது?”

டாக்டர் இருவருக்கும் நடுவில் புகுந்தார். அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே முக்கால். புகைப்படக்காரர்கள் அறையின் வாசலில் முட்டி போட்டுக் காத்திருந்தார்கள். டாக்டர் தலகூரஸ் சுற்றிலும் பார்த்தார். அவர் பார்வை வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த மிக்கேஸின் மீது விழுந்து, அங்கேயே நின்றது.

“தம்பி, தலைக்கு எண்ணெய் வச்சிருக்கியா?”

“இல்ல டாக்டர்.”

“வா இப்படி.”

சகெல்லாரிஸின் ஸ்ட்ரெச்சரை ஒரு திரைக்குப் பின்னால் தள்ளினார்கள். அங்கே அவன் பெயர் தைத்த இன்னொரு அங்கி தயாராக இருந்தது. மாற்றுடை வைத்திருக்க வேண்டும் என்ற விதி அந்த ஒரு விஷயத்தில் பின்பற்றப்பட்டிருந்தது. மிக்கேஸ் அதைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போனான். நொமிக்கோஸ் கட்டுப்பாட்டுப் பலகையைவிட்டு விலகி நின்றார். டாக்டர் தானே வால்வைத் திருகினார். மூன்று மீட்டர் ஆழத்தின் அழுத்தம் வரை ஏற்றி, பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டார். கதவு திறந்தது. மெல்லிய பனிக்கு நடுவிலிருந்து மிக்கேஸ் கைத்தடியோடு வெளிப்பட்டான். கால் நடுங்கியது. முழங்கால் மடங்கியது. அவனுக்கு வேறு எப்படி நடப்பது என்று தெரியவில்லை போலும். பிறகு டாக்டர் கண்ணைக் காட்ட, கைத்தடியைக் கீழே போட்டான். நிமிர்ந்து நடந்தான். பேண்டு வாத்தியம் வெடித்தது. அமைச்சர் ஓடிவந்து அவனைத் தழுவிக்கொண்டார். “உன் பேர் என்னப்பா?” என்று கேட்டார். மிக்கேஸ் அங்கியைக் குனிந்து பார்த்து, “சகெல்லாரிஸ்” என்றான்.

திரைக்குப் பின்னால் தெமெலினா தம்பியின் காதுகளை இரு கைகளாலும் பொத்தினாள். அவன் அவள் கைகளை விலக்கினான். “விடுக்கா. கேக்கறேன்.”

எல்லோரும் துறைமுகத்துக்குப் போன பிறகு, தெமெலினாவும் நொமிக்கோஸும் சேர்ந்து மூன்று முறை சோப்புப் போட்டு அவனைக் கழுவினார்கள். தேய்த்த இடம் சிவக்கும்வரை தேய்த்தார்கள். ஆனால் அறை பூட்டியிருந்தது. சாவியோடு டாக்டர் விருந்துக்குப் போயிருந்தார். நான்கு மணிக்கு, மீன் வாசனையோடும் நல்ல மனநிலையோடும் திரும்பி வந்தார்.

“சாவியைக் குடுங்க” என்றார் நொமிக்கோஸ். “இப்பத்தான் திறந்தாச்சே. இனி என்ன?”

“யாருக்கு?”

“இவனுக்கு!”

டாக்டர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஒன்றாம் எண். சகெல்லாரிஸ். வயது முப்பத்தொன்று. பூரண குணம். கீழே அமைச்சரின் கையெழுத்து, சாட்சியாக ஆயரின் முத்திரை. “குணமானவரை நான் எந்த வியாதிக்குச் சேர்க்கறது? இந்தத் தீவுலயே முதல் தடவையா குணமானவர். இவருக்கு இன்னும் வியாதி இருக்குன்னு எழுதினா, இவருக்கே அது அவமானம் இல்லையா?”

“டாக்டர்,” என்றாள் தெமெலினா. “அவன் கால் ஆடலை. நீங்களே வந்து பாருங்க. தொட்டுப் பாருங்க.”

“பார்க்க வேண்டியதில்ல அம்மா, நம்பறேன். வழி இல்லாம இல்ல. புது விபத்துன்னா புது எண் போடலாம். தம்பி மறுபடி ஒரு தடவை முங்கிட்டு வரட்டும். இனிமே நாங்க இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருப்போம்.” பிறகு ஒரு தாளை நீட்டினார். “இங்க ஒரு கையெழுத்து. சொந்தக் காலில் நடந்து வீடு திரும்பினார்னு போட்டிருக்கு. வழக்கமான வாசகம்தான்.”

தெமெலினா கையெழுத்துப் போடவில்லை. டாக்டர் அவளை வற்புறுத்தவும் இல்லை. அவளுக்காகத் தானே போட்டுவிட்டு, சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். நொமிக்கோஸ் அவர் பின்னாலேயே கத்திக்கொண்டு போனார். அவர் கத்தல் படிகளில் இறங்கி, முற்றத்தைத் தாண்டி, தெருவரைக்கும் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

தாழ்வாரத்தில் அக்காவும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மிக்கேஸ் வந்தான். தன் சட்டையைப் போட்டிருந்தான். அங்கி கையில் இருந்தது.

“வாடா” என்றான் சகெல்லாரிஸ். குரலில் கோபம் இல்லை. ஆவல்தான் இருந்தது. “உள்ள எப்படிடா இருந்துச்சு? காது அடைச்சுதா? சூடு தெரிஞ்சுதா? சொல்லுடா.”

மிக்கேஸ் அங்கியை நான்காக மடித்தான். பெயர் தைத்த பக்கம் மேலே தெரிந்தது. அதை உள்பக்கமாகத் திருப்பி மறுபடி மடித்து, சகெல்லாரிஸின் முழங்கால்கள் மேல் வைத்தான். வைத்ததும் அவன் முகத்தைப் பார்த்தான். சகெல்லாரிஸுக்கு அது வைக்கப்பட்டதே தெரியவில்லை. இன்னும் பதிலுக்காகத்தான் காத்திருந்தான்.

மிக்கேஸ் திரும்பி, தாழ்வாரத்தின் கோடிவரை நேராக நடந்து, வெளியே போனான்.